காதில் ஊற்றிய தண்ணீர்

அந்த வீட்டில் ஆளை எடை பார்க்கவும் ஏலக்காய் மூட்டை நிறுக்கிற தராசுதான். வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடும்பம். கடையில் கிடந்த இரும்புப் பலகையின் மேல் அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பாள். கணக்குப்பிள்ளை குண்டை நகர்த்திப் பார்த்து, மூட்டைக்குச் சொல்லும் அதே குரலில் எடையைச் சொல்வார். உள்ளேயிருந்து அவளுடைய அம்மா, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்பாள். கூடியிருக்கிறது என்றால் வீடே மூச்சு விடும். நான் பிரஷர் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். முதல் நாளிலிருந்தே எனக்கு அது பிடிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் போடிநாயக்கனூரில் ஒரு டாக்டர் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். அதற்கு முன்னால், எழுபதுகளில், போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை. அட்டைக்கடி, குளிர்காய்ச்சல், பிரசவம் என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே வந்தவர்கள் எல்லோரும் நோயோடு வந்தவர்கள். ஒரு நோயும் இல்லாத ஆளை, ஒரு நோயும் வந்துவிடாமல் காவல் காக்கிற வேலை எனக்கு இந்த வீட்டில்தான் முதல்முதலாக வாய்த்தது.

அந்த வீட்டு மூத்தமகனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு தடவை காரில் மதுரைக்குப் போய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சாம்பல் பூத்த முகத்தோடு திரும்புவார். ரத்த உறவில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைக்கலாம் என்று மெட்ராஸ் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு அது புதுச் சங்கதி. ஒரு ஆள் உடம்பிலிருந்து அறுத்தெடுத்து இன்னொரு ஆளுக்கு வைக்க முடியுமா என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் பேச்சு.

பெத்தவள் நான் இருக்கும்போது வேறு யார் தரவேண்டும் என்று அம்மாதான் முதலில் வந்து நின்றாள். ரத்த குரூப் சேரவில்லை. அதைக் கேட்டுவிட்டு எங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அவளைக் கெட்டவள் என்று நான் எழுதப்போவதில்லை. இளையமகன் ஒருவர் இருந்தார். அவருக்கு ரத்தம் எடுக்க நான் போகும்போதெல்லாம், தோட்டத்தில் காய் எடுப்பு என்று ஜீப்பில் மலையேறிவிடுவார். காய் எடுப்பு இல்லாத மாதத்திலும் ஏறினார். அவ்வளவு சுறுசுறுப்பான விவசாயியை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. மிச்சம் இருந்தவள் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் செத்துப்போக, பிள்ளையும் இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அவளுக்குச் சேர்ந்தது.

அவள்தான் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முடிவு தானாக வந்து அவள் தலையில் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டு வரிசை மாறியது. அதுவரை எல்லோரும் உண்டு முடித்த பிறகு அடுப்படியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு முதல் இலை போட்டார்கள். காலையில் ஹார்லிக்ஸ், பதினொரு மணிக்குத் திராட்சை, மத்தியானம் ஆட்டு ஈரல். கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனால் அண்ணன்மார் பெண்டாட்டிகள் ஓடிவந்து கயிற்றைப் பிடுங்கினார்கள். தூற்றல் விழுந்தால் சன்னலைச் சாத்தினார்கள். மச்சுப்படி ஏறினால் ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் போனாள். அவள் தும்மினால் எனக்கு ஆள் வந்துவிடும். அவளோ வைத்ததைத் தின்றாள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும்.

ஒரு நாள் முழுக்க அவள் கழிக்கும் சிறுநீரைச் சேர்த்து வைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சுத்தமான பாத்திரம் கொடுங்கள் என்றேன். அந்த அம்மா புத்தம்புது எவர்சில்வர் குடத்தை, கடை ஸ்டிக்கர் கூடக் கிழிக்காமல், கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் கணக்குப்பிள்ளை அதை அபிஷேகப் பால் கொண்டுபோவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஜார் வழியே என் பின்னால் வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தக் குடத்துக்கு இருந்த மரியாதை அந்தப் பெண்ணுக்கு எந்தக் காலத்திலாவது இருந்ததா என்று ஒரு நினைப்பு வந்தது.

என்னை அனுப்பும்போது எங்கள் டாக்டர் ஒன்று சொன்னார். கொடுக்கப்போகிற ஆளும் நம்முடைய பேஷண்டுதான், வாங்கப்போகிறவர் மட்டும் இல்லை என்றார். நல்ல மனுஷர். ஆனால் அவர் அந்தக் குடும்பத்துக்கு ரொம்ப நாள் சிநேகிதம். அந்த வீட்டு வாசலில் நுழைந்ததும் அவருடைய கண் மூத்தவர் முகத்துக்குத்தான் போகும். நான் மட்டும் என்ன, என் கண்ணும் அங்கேதான் போனது. சாவு அந்த முகத்தில் தெரிந்தது. இந்தப் பெண்ணின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

மூத்தவர் தங்கமான ஆள். கையில் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன இடத்துக்கு நான் கட்டு மாற்றும்போது, "நர்சம்மா, ஒங்க கை பட்டா எங்க தோட்டத்து அட்டையே தேவலைன்னு இருக்கு" என்று கேலி பேசுவார். ஒரு டம்ளர் தண்ணீர்தான் ஒரு நாளைக்கு என்று அளந்து கொடுத்திருந்தோம். அதை மடக்கு மடக்காகக் குடிக்காமல், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு வைத்திருப்பார். அவ்வளவு பேசுகிறவர் தங்கை வருகிற சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவளும் அந்த அறை வாசல் வரைக்கும் வருவாள், கொஞ்ச நேரம் நிற்பாள், போய்விடுவாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் அந்த வாசற்படியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதை இரண்டு பேரும் தாண்டவில்லை.

மெட்ராஸுக்குக் கிளம்பும் முன்பு குலசாமிக்குக் கிடா வெட்டுவது என்று நாள் குறித்தார்கள். நோய் என்று தெரிந்த அன்றைக்கே நேர்ந்துகொண்டு, கொல்லையில் கட்டி வளர்த்த கிடா. அதற்கு அகத்திக்குழை ஒடித்துப் போட்டு வளர்த்தவள் தங்கைதான். கோயில் மலையடிவாரத்தில், ஜீப்புப் பாதை கல்லும் முள்ளுமாக முடிகிற இடத்தில் இருந்தது. பெண்ணுக்கு மயக்கம் கியக்கம் வந்துவிடக் கூடாது என்று என்னையும் வரச் சொன்னார்கள். நானும் பிரஷர் மிஷினோடு ஜீப்பில் ஏறினேன். சாமி கும்பிடப் போகிற இடத்துக்கு பிரஷர் மிஷின் கொண்டுபோன ஒரே நர்ஸ் நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு மேகம் மலையை விட்டு இறங்கி அடிவாரம் வரைக்கும் வந்துவிட்டது. பட்டப்பகலில் பத்தடி தூரத்து ஆள் தெரியவில்லை. மூத்தவர் வரமுடியாது என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். கிடாவுக்கு மாலை போட்டு, சாமிக்கு முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதற வேண்டும். உதறினால் அதற்குச் சம்மதம், சாமியும் உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாமல் வெட்டக் கூடாது.

அது உதறவில்லை. மறுபடியும் தெளித்தார்கள். அது கழுத்து மாலையிலிருந்து ஒரு துளசியைக் கடித்து மென்றது. பூசாரி சாமியை என்ன குறை என்று கேட்டார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கிடா உத்தரவு தரவில்லை என்றால் மகன் பிழைக்க மாட்டான் என்று அவள் அந்த இடத்திலேயே நினைத்துவிட்டாள், எனக்கு அது தெரிந்தது.

அப்போது அவர்களுடைய தாய்மாமன் முன்னால் வந்தார். செம்பை வாங்கினார். கிடாவின் தலையை ஒரு கையால் தடவிக் கொடுக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, காதுக்குள் தண்ணீரை ஊற்றினார். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையை உதறத்தான் செய்யும். அது உதறியது. உடனே குலவை கிளம்பியது. "சம்மதம் குடுத்திருச்சப்பா" என்று நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள். அவர் ஊற்றியதைப் பார்க்காதவர்கள் அங்கே ஒருவரும் இல்லை.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் கிடாவைப் பார்க்கவில்லை. தாய்மாமன் கையில் இருந்த செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வலது கை முந்தானைக்குள் போய் இடுப்புக்கு மேலே விலாப்பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தது. அவளை ஜீப்புக்குக் கூட்டிவந்து கையில் பட்டையைச் சுற்றினேன். பாதரசம் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு மேலே எழும்பி நின்றது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எப்போது பார்த்தாலும் அவளுக்கு பிரஷர் ஏறியிருந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்றாலே ஏறும். எடை பார்க்கக் கடைக்குள் நுழைந்தால் ஏறும். டாக்டரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து படுக்க வைத்து நிதானமாகப் பார் என்றார். எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கூட்டிவந்தேன். கூட வந்த அண்ணியை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சைப்பிள்ளைக்கு இருப்பது போல இறங்கிவிட்டது.

கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். உனக்கு இதில் சம்மதமா, பயமாக இருக்கிறதா, என்னிடம் சொல், வெளியே போகாது என்றேன். அவள் மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தாள்.

"அண்ணே ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராக்கா?" என்று கேட்டாள்.

ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

"என்னையக் கேட்டாரா?"

இல்லையம்மா என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. எத்தனையோ பேருடைய பயத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு இதுவும் பயம்தான் என்று பட்டது. பாதரசமும் அதைத்தானே சொன்னது.

அந்த வாரமே மூத்தவர் மதுரையிலிருந்து திரும்பும் வழியில் காரை எங்கள் ஆஸ்பத்திரி முன்னால் நிறுத்தச் சொல்லி, தனியாக உள்ளே வந்தார். அறையில் டாக்டரும் நானும்தான். நான் அவர் கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மனசு பொறுக்காமல் சொல்லிவிட்டேன். கோயிலில் கிடா காதில் மாமா தண்ணீர் ஊற்றியதையும், அப்போது ஏறிய பிரஷர் வீட்டில் இறங்கவே இல்லை என்பதையும் சொன்னேன். நீங்கள் ஒரு தடவை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வாய்திறந்து கேட்கக் கூடாதா என்றும் கேட்டேன். டாக்டர் என்னை முறைத்தார்.

மூத்தவர் வழக்கமான கேலி எதுவும் பேசவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டா அது மாட்டேன்னு சொல்லாது நர்சம்மா. சின்னப் பிள்ளையிலயிருந்து சொன்னதில்ல. அதுனாலதான் கேக்கல. நான் கேக்குறதும் அது காதுல தண்ணி ஊத்துறதும் ஒண்ணுதான்."

அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பி, தங்கையின் உடம்பு இதற்கு ஒத்துவராது என்று நீங்களே வீட்டில் சொல்லிவிடுங்கள், யார் மேலும் பழி வராமல் இது முடியட்டும் என்றார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சாவது யார் என்று தெரிந்துதான் பேசுகிறாயா என்று கூடக் கேட்டுவிட்டார். மூத்தவர் எழுந்து நின்றார். அந்த மாதிரி ஒரு ஆளை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. அவருக்காக அன்றைக்கு நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டாக்டர் மறுநாள் போய்ச் சொன்னார். பெண்ணுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, அவளிடம் எடுத்தால் அவளுக்கும் ஆபத்து, மெட்ராஸில் திருப்பித்தான் அனுப்புவார்கள் என்றார். அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. வீட்டில் பார்த்த பிரஷரைச் சொன்னோம். கதவைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரியில் பார்த்ததைச் சொல்லவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தங்கை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்பாடா என்ற நிம்மதியை எதிர்பார்த்து நான் திரும்பினேன். முகம் எப்போதும் போல இருந்தது. மனசுக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே ஹார்லிக்ஸ் பாட்டில் அலமாரிக்குப் போய்விட்டது. நான் மூத்தவருக்குக் கட்டு மாற்ற அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். தங்கை பழையபடி கடைசியில் சாப்பிட்டாள், தண்ணீர் இறைத்தாள். உடன்பிறந்தவனுக்கே உதவாத உடம்பு என்று அவள் காதுபடவே பேசினார்கள். கடைத் தராசில் அதற்குப் பிறகு மூட்டை மட்டும்தான் ஏறியது. இளையவரைக் கீழே இறக்கிவர இரண்டு தடவை ஜீப்பு போனது, வெறும் ஜீப்பாகத் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் காய் எடுப்பு தொடங்கும் முன்பே மூத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏலக்காய்க் கடைகள் அன்றைக்கு அடைத்திருந்தன. எரிக்கக் கொண்டுபோகும்போது மலைமேல் மேகம் இறங்கியிருந்தது, கோயிலில் பார்த்தது போலவே.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் சோலி இல்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்தவள் என் மேசை முன்னால் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஏன் இப்படி ஆகிவிட்டாய் என்று கேட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்றாள். பிரஷர்காரி என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவளுக்குத் தனியாக உப்பில்லாமல் ஆக்குகிறார்களாம். குழம்பில்லை, ஊறுகாய் இல்லை, கருவாடு இல்லை. உப்பில்லாத சோற்றை ஒரு வருஷத்துக்கு மேல் தின்றுகொண்டிருக்கிறாள். அண்ணனுக்குக் கொடுக்க முடியாமல் செய்த நோய் என்பதால் அதைப் பயபக்தியோடு பத்தியம் காத்திருக்கிறாள். உப்பைப் பற்றி நானோ டாக்டரோ ஒரு நொடி கூட நினைத்துப் பார்க்கவில்லை.

"இப்ப எம்புட்டு இருக்குன்னு பாருங்கக்கா" என்று கையை நீட்டினாள்.

பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன். நல்லாயிருக்கிறது, நீ உப்புப் போட்டுச் சாப்பிடு என்றேன். எப்போதிருந்து சரியாச்சு என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். அந்த வெடித்த உதட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. உனக்கு அந்த நோய் எப்போதும் இருந்ததில்லை என்றேன். அண்ணன் வந்ததையும், அவர் சொன்னதையும், நாங்கள் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் உன்மேல் வைத்த பாசத்தால்தான் கேட்கவில்லை என்றும், உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்றும் சொன்னேன். இதைக் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அப்போதும் நம்பினேன்.

அவள் அழவில்லை. கையில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தாள்.

"நான் குடுக்கணும்னுதாங்க்கா இருந்தேன். அவரு ஒரு வார்த்தை கேக்கட்டும்னு அந்த வாசல்ல போயிப் போயி நின்னேன்."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப, வேண்டாங்கிறதையும் என்னையக் கேக்காமத்தான் முடிவு பண்ணுனீகளா?"

நான் பட்டையைக் கழற்றினேன். அவள் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அம்மாவின் மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, பஜார்ப்பக்கம் நடந்தாள்.